கண் தேடாத புள்ளிகள்

பம்மலில் ஒரு அக்கா இருந்தார். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், "என் பேர எதுக்கு தம்பி இழுக்கிற, அத எடுத்துட்டா கதை ஓடாதா?" என்று கேட்பார். ஓடும். அதனால் எடுத்துவிட்டேன்.

எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதில் எதைத் தூக்கிப் போடலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். முதல்முறை அவர் வீட்டுக்குப் போவதற்கு வழி கேட்டு ஃபோன் செய்தேன். எடுத்தவர் அவருடைய கணவர். பல்லாவரத்தில் பஸ் மாறி, தோல் கம்பெனி வாசலைத் தாண்டி, டீக்கடையில் வலது பக்கம் திரும்பி, இல்லை இல்லை, அதற்கு முந்தின டீக்கடை என்று ஐந்து நிமிடம் விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது. ரிசீவர் கைமாறும் சத்தம் கேட்டது. "பெரிய பள்ளிவாசல். எதுக்க பச்ச கேட்டு," என்றது ஒரு பெண்குரல். வைத்துவிட்டார்கள். நேராகப் போய்ச் சேர்ந்தேன்.

நான் அப்போது தாம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாளென்றால் காலையில் செலையூர், சாயங்காலம் படப்பை. தோளில் கேமரா, பின்னால் லைட் பிடிக்க ஒரு ஆள், முன்னால் "கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சும் என் வாய். தொழில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வருகிறவர்கள் எல்லாம், "கிராபிக்ஸ் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மணமக்கள் பெயர் சுழன்று வரவேண்டும், இதயம் விரியவேண்டும், அதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரியவேண்டும். என்னிடம் இல்லை என்றால் குரோம்பேட்டைக்காரனிடம் போய்விடுவார்கள். அப்படித்தான் நான் பச்சை கேட்டைத் தட்டினேன்.

அக்காவிடம் இருந்தது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடக்கம்; டிவியோடு இணைத்துவிட்டால் படம் வரும். சிங்கப்பூரில் இருந்த அவர் தம்பி, மச்சான் பொழுதுபோக்குக்கு விளையாடட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தது. மச்சான், அதாவது அக்காவின் கணவர், தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். ஒரு வாரம் அவர் அதில் விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தினார். எட்டாம் நாள் அக்கா அதைக் கைப்பற்றிவிட்டார்.

அதற்கு முன்பு அக்கா எம்ப்ராய்டரி போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட தாளில் பூவோ மயிலோ வரைந்துகொண்டு, கட்டத்துக்கு ஒரு தையல் என்று எண்ணிப் போடும் வேலை. டிவி திரையை முதன்முதலாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர், "இதுவும் கட்டந்தானா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த யந்திரத்தின்மேல் அவருக்குப் பயமும் இல்லை, மரியாதையும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கு முப்பத்திரண்டு நிறங்கள்தான் கிடைக்கும். நாலாயிரத்துச் சொச்சத்திலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம், ஆனால் பொறுக்கியது முப்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. நம்மூர்க் கல்யாணத்தை முப்பத்திரண்டு நிறத்துக்குள் அடக்கிப் பாருங்கள், தெரியும் சேதி. கூறைப்புடவை எட்டைத் தின்னும். மாலைக்கு ஆறு. மஞ்சள் பூசிய முகத்துக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. மிச்சத்தில்தான் மாப்பிள்ளை பிழைத்துக்கொள்ள வேண்டும்.

செலையூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாயார் என்னைத் தனியே கூப்பிட்டு, நகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியவேண்டும் என்று சொல்லியிருந்தார். அக்காவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவரும் தங்கத்துக்கு மட்டும் பத்து நிறம் ஒதுக்கிவிட்டார். படம் வந்தது. காசுமாலையில் காசு எண்ணலாம் போலிருந்தது. மாப்பிள்ளையின் மீசை மட்டும் வாழையிலைப் பச்சையில் இருந்தது.

"அக்கா, மாப்பிள்ளை மீசை பச்சையா இருக்கே."

"அப்டியா? யாரு பாத்தா?"

"நான் பார்த்தேன்."

"நீ வேலைக்காரன், பாப்ப. பொண்ணு வூட்டுக்காரங்க நகைய பாப்பாங்க. மாப்ள வூட்டுக்காரங்களும் நகையதான் பாப்பாங்க. மீசைய எந்தக் கண்ணு தேடப்போவுது?"

"மாப்பிள்ளை தேடுவாரே அக்கா."

"அவன் பொண்ண பாப்பான்."

பயந்துகொண்டேதான் டேப்பைக் கொடுத்தேன். பெண்ணின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார். அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்களுக்கும் என்னையே கூப்பிட்டார்கள். அந்தப் பச்சை மீசையை இன்றுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. கண் எதைத் தேடும், எதைத் தேடாது என்று அக்காவுக்குத் தெரிந்த அளவு எந்த டாக்டருக்கும் தெரியாது என்று அன்று முடிவு செய்தேன்.

அவர் இப்படி எடுத்தெறிவதற்குத் தொழில்முறைக் காரணமும் ஒன்று இருந்தது. அக்கா செய்வதையெல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுப்பார். நான் அதை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்து மேற்குத் தாம்பரத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே ஒரு மிக்ஸிங் ஸ்டுடியோவில் இதே மாதிரிக் கம்ப்யூட்டரை வைத்து, கல்யாண வீடியோவின்மேல் இந்தப் படங்களைப் படியவைப்பார்கள். ஒரு கல்யாணத்துக்கு உண்டான பெயர், பூ, இதயம், புறா, புகைப்படம் எல்லாமே அந்த ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்கவேண்டும். ஒருமுறை அடங்கவில்லை. இரண்டு ஃப்ளாப்பியில் கொண்டுபோனேன். மாப்பிள்ளை தாலி கட்டக் குனிகிற சமயம் பார்த்து, அடுத்த டிஸ்க்கைப் போடு என்று கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. கேட்டது அப்படியே டேப்பில் பதிந்துவிட்டது. கவனிக்காமல் கொடுத்தும் விட்டேன். நல்லவேளை, பெண்ணின் பெரியப்பா அதை வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய வாழ்த்து என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து, ஒரு கல்யாணம் ஒரு ஃப்ளாப்பி என்பது எங்களுக்குள் சட்டம்.

படத்தை எப்படிச் சுருக்குகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அக்கா டிவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"உனுக்கு நூறு பரோட்டா வேணும். கடைல போயி நூறு பரோட்டான்னு சொல்லுவியா, பரோட்டா பரோட்டான்னு நூறு வாட்டி கத்துவியா?"

"நூறு பரோட்டான்னு சொல்வேன்."

"அதான். வரிசையா நூறு கட்டம் நீலமா இருந்துச்சின்னா, நூறு நீலம்னு எழுதிக்கும். ஒரே சொல்லு. நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி உக்காந்துச்சின்னு வெச்சிக்க, அம்பது நீலம், ஒரு கறுப்பு, நாப்பத்தொம்பது நீலம். மூணு சொல்லு. புள்ளி ஏற ஏற ஃபைலு ஊதிக்கினே போவும்."

ஆகவே அக்காவுக்குப் புள்ளி என்றால் ஆகாது. பழைய புகைப்படங்களில் தூசு, பூஞ்சை, கீறல் என்று புள்ளிகளுக்குப் பஞ்சமே இருக்காது. ஸ்டாண்டில் பொருத்திய ஒரு சின்னக் கேமராவால் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்துக்கொண்டு, அதைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகத் துடைப்பார். மணிக்கணக்கில் துடைப்பார். ஒவ்வொரு புள்ளி மறையும்போதும் நாக்கால் 'ச்' என்று ஒரு சின்ன சத்தம். பேன் பார்க்கும் பெண்கள் போடும் அதே சத்தம்.

இந்தக் குணத்தால் வம்பும் வந்திருக்கிறது. படப்பைக் கல்யாணம் ஒன்றில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பத்திரிகையில் முப்பது உறவினர் பெயர் இருந்தது. எல்லாம் திரையில் ஓடவேண்டும் என்று கொடுத்தார்கள். அக்கா எட்டுப் பெயரை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிட்டார். எடுத்ததில் ஒன்று தாய்மாமன் பெயர். தாய்மாமன் பெயரை எடுக்கலாமா? எடுத்துவிட்டு ஊருக்குள் நடமாட முடியுமா? அவர் டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் நின்று, "யோவ், என் பேரு எங்கய்யா?" என்று கேட்டார். எனக்கு வீரம் போதாது. அவரை அப்படியே பஸ் ஏற்றிப் பம்மலுக்குக் கூட்டிப்போய் அக்கா முன்னால் உட்காரவைத்துவிட்டேன்.

அக்கா டீ கொடுத்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க பேரு வுட்டது தப்புதாண்ணா. வேற யாரு பேரெல்லாம் இல்ல, பாத்தீங்களா?"

தாய்மாமன் யோசித்தார். "பாக்கலியேம்மா."

"இன்னும் இருவத்தியோரு பேரு இல்லண்ணா. ஒருத்தரும் வந்து கேக்கல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்ளயோட சித்தப்பன் ஒருத்தன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கினு மண்டபத்துல சட்டம் பேசினு திரிஞ்சானே. அவன் பேரு அதுல கீதா?"

"இல்லண்ணா."

"அவன் பேரும் இல்லியா?" தாய்மாமன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப வுடு. என் பேர மட்டும் சேத்துக் குடுத்துடு." இன்னொரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, அக்காவின் கணவரிடம் தோல் பை ஒன்றும் வாங்கிக்கொண்டு போனார்.

பிற்பாடு விசிடி வந்தது. கல்யாணத்தை வட்டமான தட்டில் அடைத்துக் கொடுக்கலாம் என்று ஊரே மகிழ்ந்தது. நானும் ஒன்று செய்து அக்காவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அதற்குள் அவர் முதல் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிவிட்டுப் புதியது வாங்கியிருந்தார். ஐயர் ஹோமத்தில் நெய் ஊற்றினார். புகை எழுந்தது. திரையில் அது புகையாக எழவில்லை, சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து மேலே போனது. மணமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த முகமும் சேர்ந்து சதுரமானது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் எடுத்துப் போட்ட வேலதான். ஆனா எடுத்தவன் பாக்காம எடுத்திருக்கான்," என்றார்.

"மெஷின் எடுக்குது அக்கா. ஆள் இல்லை."

"அதான் சொல்றேன்," என்றார்.

பாக்காமல் எடுப்பது என்பதை அவர் அவ்வளவு வெறுப்போடு சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். விசிடிக்கு வெகுகாலம் முன்பே, யார் பழைய புகைப்படம் கொண்டுவந்தாலும் அவர் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார். "மூஞ்சில எடுக்கக்கூடாதது எதுனா கீதா?" வருகிறவர்கள் விழிப்பார்கள். "மச்சம், வெட்டு, தழும்பு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சொல்லாட்டி நானா எடுத்துடுவேன்." சொன்ன பிறகுதான் படத்தைக் கையில் வாங்குவார். அந்தக் கேள்வி ஒரே ஒரு கல்யாணத்திலிருந்து வந்தது.

பம்மலிலேயே ஒரு அம்மாள். தோல் தொழிற்சாலையில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். புருஷனும் அங்கேயே வேலை பார்த்தவர். மகனுக்கு நாலு வயதும் மகளுக்கு ஒரு வயதும் இருக்கும்போது இறந்துபோனார். இப்போது மகளுக்குக் கல்யாணம். செலவு முழுக்க துபாயில் இருந்த மகனுடையது, ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடியோ எடுப்பதே அவன் பார்ப்பதற்காகத்தான். டேப்பின் தொடக்கத்தில் மாலை போட்ட அப்பா படம் வந்து, அதன் பிறகு கல்யாணம் ஆரம்பிக்கவேண்டும் என்று அவன் எழுதியிருந்தான். தகப்பன் இல்லாத கல்யாணங்களில் அது வழக்கம்.

புகைப்படம் என்று அந்த அம்மாள் கொண்டுவந்தது ஆயுத பூஜையன்று தொழிற்சாலை வாசலில் எடுத்த குரூப் போட்டோ. நாற்பது பேர் நிற்கிறார்கள். மூன்றாம் வரிசையில் இடதுபக்கம் புளியங்கொட்டை அளவில் ஒரு முகம். அவரிடம் இருந்த படம் அது ஒன்றுதான். அதைப் பாலிதீன் உறைக்குள் வைத்து, உறையை மஞ்சள் பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அந்தப் படத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். பெரிதாக்கியதும் முகம் முழுக்க ஒரே புள்ளிக் காடு. ஒவ்வொன்றாக 'ச்', 'ச்' என்று பொறுக்கி எடுத்தார். நான் ஃப்ளாப்பி வாங்கப் போனபோது, அழகான ஒரு வாலிபர் திரையில் இருந்தார். கன்னம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"எப்டி?" என்றார் அக்கா. "மொதல்ல வந்த ஃபைலுல இது கால்வாசிகூட இல்ல. மிச்ச எடத்துல ரெண்டு புறா வுட்டிருக்கேன், கோபுரம் ஒண்ணு, மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு."

எனக்கும் சந்தோஷம்தான். டேப் தயாரானது. ஒரு வியாழக்கிழமை அவர்கள் வீட்டிலேயே போட்டுக் காட்டினேன். வாடகை டிவி, வாடகை வீடியோ டெக். புறா பறந்தது, மணி அடித்தது, அப்பா வந்தார். "நடிகரு மாதிரி கீறாரும்மா உன் ஊட்டுக்காரு," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். புது மாப்பிள்ளை கைதட்டினார். மகள் அழுதாள். அம்மாள் மட்டும் கல்யாணம் முழுக்க ஓடி முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார்.

"அது யாருபா?" என்று கேட்டார்.

"யாரும்மா?"

"மொதல்ல வர்றாரே, மால போட்டுக்கினு."

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. நீங்க குடுத்த படந்தானே."

"எங்க ஊட்டுக்காரருக்கு மூஞ்சி பூரா அம்ம வடு. சின்னப் புள்ளைல அம்ம போட்டு, பொழைக்கமாட்டாருன்னு வுட்டுட்டாங்களாம். மூஞ்சில வைக்க வெரலுக்கு எடம் இருக்காது. இது வேற யாரோ."

நன்றாகத்தானே இருக்கிறது, எல்லோரும் பாராட்டினார்களே என்று உளறினேன்.

"எனுக்கு இருந்துட்டுப் போவட்டும்பா. நான் கண்ண மூடினா எனுக்கு அவுரு தெரியிறாரு. என் புள்ளைக்கு அப்பன் மூஞ்சி ஞாபகம் இல்ல. பாஸ்போட்டு எடுக்கிற வயசுல கூட, அப்பா எப்டிம்மா இருப்பாருன்னு கேட்டவன் அவன். இத பாத்தான்னா இதான் அப்பன்னு வெச்சிக்குவான். அப்பால நான் எது சொன்னாலும் மனசுல ஏறாது. யாரோ ஒருத்தன் அவுனுக்கு அப்பனாய்டுவான்."

டேப் ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும். பக்கத்துத் தெருவில் ஒருவர் துபாய்க்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. அன்றைக்கு வெள்ளி.

பச்சை கேட்டுக்குப் போனோம். அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. யாருக்குத்தான் மூன்று நாள் உழைப்பைத் தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வரும்?

"அது தூசும்மா. பழைய போட்டோன்னா தூசு படியும். நான் எத்தினி போட்டோ பாத்திருக்கேன்."

"நீ தூசு பாத்தம்மா. நான் பதினோரு வருசம் மூஞ்ச பாத்தேன்."

அக்கா எழுந்து, உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டார். "உக்காரும்மா. எதெது எங்க இருந்துச்சி, சொல்லு," என்றார்.

குரூப் போட்டோவை மறுபடி உள்ளே இழுத்துப் பார்த்தோம். பிரயோஜனம் இல்லை. அந்தப் புள்ளிக் காட்டில் எது தூசு, எது வடு, எது காகிதத்தின் சொரசொரப்பு என்று கடவுளுக்குத்தான் தெரியும். கடவுளுக்கும் அந்த அம்மாளுக்கும்.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தன் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார். அக்கா அதே இடத்தில் புள்ளி வைத்தார். அம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "அங்க இல்ல, இந்தப் பக்கம்," என்றார். திரும்ப வைத்தார். அதுவும் தப்பு. தன் முகத்தில் தொட்டுக் காட்டினால் இடது வலதாகிறது என்று புரிய எங்களுக்குக் கால்மணி நேரம் ஆனது. அம்மாள் பொறுமையிழந்து எழுந்தார். நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று, எதிரில் இருப்பவர் முகத்தைத் தொடுகிற மாதிரி கையை நீட்டினார். கண்ணாடியில் விரல் பட்டதும் மின்சாரம் பொரிந்தது. கையை உதறிக்கொண்டார், மறுபடி வைத்தார்.

"இங்க ஒண்ணு. பெருசு. இதுக்குக் கீழ ரெண்டு, ஒட்டினாப்ல. மூக்கு மேல ஒண்ணு குழியா இருக்கும். மழ பேஞ்சா அதுல தண்ணி நிக்கும்னு கிண்டல் பண்ணுவேன்."

அதற்கப்புறம் தடையே இல்லை. அவர் விரல் முன்னால் போகும், அக்காவின் புள்ளி பின்னால் போகும். நெற்றி முடிந்து இடது கன்னம் வந்தது. "அது கொஞ்சம் நீட்டம்." "இன்னும் கருப்பா." "அய்ய, இவ்ளோ இல்ல, மனுசன பயமுறுத்தாத." நடுவில் ஒரு கட்டத்தில் அம்மாள் படத்தைப் பார்த்து, "இப்பதான் வர்றாரு," என்றார். பிறகு அக்காவிடம் சொல்வதை நிறுத்திவிட்டுப் படத்திடமே பேச ஆரம்பித்தார். குடித்துவிட்டு வந்ததற்கு ஒரு திட்டு. மகளுக்குச் செய்த கம்மல் என்ன டிசைன் என்று ஒரு விவரம். அக்காவின் கணவர் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தவர், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பட்டறைக்குப் போய்விட்டார்.

மூன்றரை மணிக்கு முகம் முடிந்தது. அழகு என்று சொல்லமுடியாது. ஆனால் முதல்முறையாகத் திரையில் ஒரு ஆள் இருந்தார். முன்பு இருந்தது ஒரு படம்.

ஃபைல் ஊதிப்போயிருந்தது. ஃப்ளாப்பியில் ஏறமாட்டேன் என்றது. அக்கா யோசிக்கவே இல்லை. புறாவை எடுத்தார்.

"அக்கா, புறா இல்லைன்னா டல்லா இருக்கும்," என்றேன்.

"புறாவ எவன் தேடப்போறான்?"

கோபுரம் போனது, மணி போனது. இன்னும் கொஞ்சம் இடம் தேவைப்பட்டது. டேப்பின் கடைசியில் அக்காவுக்கென்று ஒரு அட்டை வரும். மயில் ஒன்று தோகை விரிக்க, அதன் கீழே 'கிராபிக்ஸ்' என்று அவர் பெயர். அந்த மயிலுக்கு மட்டும் இரண்டு மாதம் உழைத்திருந்தார். எத்தனையோ கல்யாணத்தில் எத்தனையோ பேர் பெயரை எடுத்தவர், அந்த அட்டையில் கை வைத்ததில்லை. அன்று எடுத்தார். ஃப்ளாப்பியை என் டப்பாவில் போட்டு, "ஓடு, ஸ்டுடியோவ மூடிடப்போறான்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டேப் விமானம் ஏறியது.

ஒரு மாதம் இருக்கும். வேறொரு கல்யாண வேலையாக நான் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு அந்த அம்மாள் வந்தார். கையில் ஒரு பொட்டலம் பக்கோடா. முகம் எப்படியோ இருந்தது, சிரிப்பா அழுகையா என்று சொல்லமுடியவில்லை.

"நேத்து எங்க கம்பெனிக்கு போன் போட்டான் என் புள்ள," என்றார்.

"டேப்பு பாத்தானாமா?" என்று கேட்டார் அக்கா.

"பாத்தானாம். கல்யாணமெல்லாம் நல்லா கீதாம். 'அப்பா வர்ற எடத்துல மட்டும் எதோ கோளாறும்மா, மூஞ்சி பூரா ஒரே புள்ளி புள்ளியா கீது. டெக்குல ஹெட்டு அழுக்கோன்னு மூணு வாட்டி தொடச்சிட்டேன், போவல'ன்றான்."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. நானும் சேர்ந்துகொண்டேன். இத்தனை வருடம் புள்ளி எடுத்ததில் வராத புகார், புள்ளி வைத்ததில் வந்துவிட்டது.

"இன்னா சொன்ன?"

"கோளாறு இல்லடா, அதான்டா உங்கப்பன்னேன். அம்ம போட்ட வடுடா, நானே கிட்ட ஒக்காந்து வெச்சேன்னேன்."

"அதுக்கு?"

"லைனு போய்டுச்சோன்னு அலோ அலோன்றேன். அப்பால மெதுவா சொல்றான். 'ரொம்பச் சின்னதுல யாரோ என்னத் தூக்கி வெச்சிக்கினு கன்னத்தோட கன்னம் வெச்சி ஒரசுவாங்கம்மா. சொரசொரன்னு இருக்கும். அப்பாவ பத்தி எனுக்கு அது ஒண்ணுதான் ஞாபகம். இத்தினி நாளா அது தாடின்னு நெனச்சிக்கினு இருந்தேன்'ன்றான்."

அக்கா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். பொட்டலத்தைப் பிரிக்கப்போன கை அப்படியே இருந்தது.

"தாடி வெச்சிருந்தாராம்மா?" என்று கேட்டார்.

"தாடியா?" என்றார் அந்த அம்மாள். "ஒரு நாள் தவறமாட்டாரும்மா. காலைல டீ குடிக்கிறாரோ இல்லியோ, சவரம் பண்ணிக்கினுதான் வெளிய கெளம்புவாரு."